சத்தம் போடாத கோட்

அந்தப் பெரும்போக நெற்பருவத்தில் சுதாகரன் பன்றிகளிடம் தோற்றுக்கொண்டே இருந்ததற்குக் காரணம், கனடாவிலிருந்து வந்த ஒரு கோட்.

அவனுக்கு வீடு தேற்றாத்தீவில். வயல், வாவிக்கு அப்பால் படுவான்கரையில், காட்டை ஒட்டிக் கிடக்கும் வட்டை என்கிற வயல்வெளியின் கடைசித் துண்டு. காட்டிலிருந்து எது இறங்கினாலும் முதலில் மிதிப்பது அவனுடைய வரம்பைத்தான். அதனால் கதிர் வெளிவரத் தொடங்கினால் அவன் வீட்டுக்கு வருவதே அபூர்வம். வயலோரத்து வாடிக் குடிசையில் படுக்கை, அங்கேயே சமையல், அந்தியிலும் விடியலிலும் காவல். விவசாயிகள் சங்கத்தின் சிபாரிசில் பயிர்க் காவலுக்கென்று அவனுக்கு அனுமதிப்பத்திரத்தோடு ஒரு துவக்கும் கிடைத்திருந்தது.

மார்கழி மழையில் நனைந்து நனைந்து அவனைக் காய்ச்சல் பிடித்தது. ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பி வந்தவனைப் பார்த்து மனைவி ஆர்த்திகா ஒரே பிடியாக நின்றாள்.

"அண்ணன் தந்த கோட் சும்மா தூங்குது. அதப் போடாம வயலுக்குப் போனீங்களெண்டா நான் உங்களோட பறைய மாட்டன்."

அவளுடைய அண்ணன் ஜெயரூபன் கனடாவில் மான் வேட்டைக்குப் போகிறவன். களுதாவளைப் பிள்ளையார் கோயில் திருவிழாவுக்கு வந்தபோது தன்னுடைய பழைய வேட்டைக் கோட்டை மச்சானுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். நல்ல கோட்தான். மழை உள்ளே இறங்காது, முள் கிழிக்காது, நுளம்பு குத்தாது. காய்ந்த புல்லின் நிறம். ஆனால் அங்கே வேட்டைக்காரர் மரத்தில் கட்டிய பரணில் ஏறி உட்கார்ந்து தூரத்திலிருந்து சுடுவார்களாம். இங்கே சேற்றில் குந்தி, பற்றைக்குள் நகர்ந்து, பன்றியின் மூச்சுக் கேட்கிற அளவுக்குக் கிட்டப் போகவேண்டும். அந்தக் கோட்டோ வாய் ஓயாத சாமான். மூடினாலும் திறந்தாலும் 'டக்' என்று அடிக்கும் இரும்புப் பொத்தான்கள். இழுத்தால் சீலை கிழிகிற மாதிரிப் 'பர்ர்' என்று கத்தும் ஒட்டுப்பட்டிகள். இடுப்பில் ஒரு கொளுக்கி. நெஞ்சில் பல்வரிசையாக ஓடுகிற சிப், அதில் ஆடுகிற இரும்பு நாக்கு.

முதல் நாள் விடியலில் ஒரு தாய்ப்பன்றி குட்டிகளோடு வரப்பேறியது. சுதாகரன் துவக்கைத் தூக்கினான். கொளுக்கி துவக்குக் கட்டையில் பட்டுக் 'கிளிங்' என்றது. அவ்வளவுதான், வரம்பு வெறுமையாகக் கிடந்தது. அடுத்த முறை தோட்டா எடுக்கப் பைக்குக் கை போனது. 'பர்ர்' என்றது கோட். பன்றிகள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடின. சிப்புக்குத் தேங்காயெண்ணெய் பூசிப் பார்த்தான். அந்த வாசத்துக்கு அவை அந்தப் பக்கமே தலை வைக்காமல், மற்றப் பக்கத்தால் இறங்கித் தின்றுவிட்டுப் போயின. எல்லாவற்றையும் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டினான். அவசரத்துக்கு ஒதுங்கப் போனபோது முடிச்சு அவிழாமல் பட்ட பாட்டை அவன் ஆர்த்திகாவுக்குக்கூடச் சொல்லவில்லை.

நெல் பழுக்கத் தொடங்கியபோது ஏறாவூர் ஆதம்பாவா வட்டைக்கு வந்தார். வெட்டுமெசின் ஓட்டுகிறவர். எந்த வயல் எப்போது வெட்டுக்கு வரும் என்று பார்த்துப்போக வருசா வருசம் வருவார். வரப்பில் நின்று கதிரை உருவிப் பார்த்துக்கொண்டிருந்தவர், சுதாகரன் பின்னால் வருவதைக் கேட்டுத் திரும்பாமலே சிரித்தார்.

"தம்பி, நீங்க வாறதுக்கு முதல் உங்கட கோட் வருது."

சுதாகரன் தன் கதையெல்லாம் சொன்னான். ஆதம்பாவா கோட்டின் ஒரு பொத்தானைத் திறந்து மூடிப் பார்த்தார்.

"எங்கட வீட்டாள் ஜோர்தான்ல இப்பிடிக் கோட் தைக்கிற ஃபெக்டரியிலதான் கனகாலம் வேல செஞ்சவ. இப்ப வீட்டில ஸ்கூல் பேக் தைக்கிறா. மொத்தச் சீலையெல்லாம் தைக்கிற மெசின் கிடக்கு. ஒருக்காக் கொண்டு வாங்களன்."

"அவக்குக் கரைச்சலா இருக்கும் காக்கா," என்றான் சுதாகரன். மூத்த முஸ்லிம் ஆண்களை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்.

"என்ன கரைச்சல்? வாங்க."

சுதாகரன் கரைச்சல் என்று சொன்னது வேறொன்றை. அது பன்றிக் காவலுக்குப் போடுகிற கோட். அதை ஒரு முஸ்லிம் வீட்டுக்குள் கொண்டுபோய் எப்படி நீட்டுவது? கோட்டைக் கழுவி, காயவைத்து, மறுபடி கழுவிக் காயவைத்து, எடுத்து வைத்திருந்த தோட்டாக்களைத் திரும்பப் பைக்குள் போட்டான். மோட்டார் சைக்கிளில் கல்லடிப் பாலம் தாண்டி, பட்டணம் தாண்டி, ஏறாவூர்வரை போகிற வழியெல்லாம் அந்தப் பேச்சை எப்படித் தொடங்குவது என்றே யோசித்துக்கொண்டு போனான். ஆதம்பாவா தன் மனைவிக்குச் சொல்லியிருப்பாரா? சொல்லாமல் விட்டிருந்தால்? பேசாமல் மழைக்கோட் என்று சொல்லிவிட்டால்தான் என்ன?

ஆதம்பாவாவின் மனைவி றம்லா முன்னறையில் மெசினுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடப் பைகளின் குவியலுக்குள் இருந்தாள். அவனைக் கண்டதும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "வாங்க தம்பி, இரிங்க" என்றாள். தேத்தண்ணி வந்தது. அவள் கோட்டுக்காகக் கை நீட்டினாள். சுதாகரன் பையை மடியைவிட்டு எடுக்கவில்லை. பொய் சொல்ல வாய் வரவில்லை.

"அக்கா, ஒரு விசயம் முதலே சொல்லிப்போடணும். இது நான் பண்டிக் காவலுக்குப் போடுற கோட்."

நீட்டிய கை நடுவில் நின்றது. ஆதம்பாவா சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல பண்டிர ரத்தம் பட்டிருக்கா?" என்று கேட்டாள் றம்லா.

"இல்லக்கா. இது போடுற சத்தத்துக்கு ஒரு பண்டியும் கிட்ட வரல்ல. அதுக்குத்தானே இஞ்ச கொண்டு வந்த."

றம்லா உதட்டைக் கடித்தாள். பிறகு முடியாமல் சிரித்துவிட்டாள். ஆதம்பாவாவும் சேர்ந்துகொண்டார்.

"அப்ப இது பாவம் செய்யாத கோட்தான். தாங்க இஞ்ச. வயலக் காக்கத்தானே போடுறீங்க? அந்த நெல்லத்தானே நாங்களும் ஆக்கித் திங்கிற."

சுதாகரன் தேத்தண்ணியை அப்போதுதான் வாயில் வைத்தான்.

றம்லா கோட்டை விரித்துப் பார்க்கவில்லை. அதை அவனையே போடச் சொன்னாள். மூலையில் நின்ற நீட்டுப்பிடித் துடைப்பமான தும்புத்தடியை எடுத்து அவன் கையில் கொடுக்கும்படி ஆதம்பாவாவிடம் சொன்னாள். பிறகு சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

"நான் பார்க்கமாட்டன், கேக்கத்தான் போறன். நடங்க தம்பி... குந்துங்க... எழும்புங்க. இப்ப தும்புத்தடியத் துவக்கு மாதிரித் தூக்குங்க."

தும்புத்தடியைத் தோளில் வைத்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிற தன் கோலம் சுதாகரனுக்கே சிரிப்பாக இருந்தது. ஆதம்பாவா வாயைச் சால்வையால் பொத்திக்கொண்டார். ஆனால் றம்லா சிரிக்கவில்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் விரலை உயர்த்தினாள்.

"அது இடக்கைப் பக்கப் பொக்கற்... இப்ப இடுப்பு... இது கழுத்தடி. ஒருக்கா வலப்பக்கம் கிறுகுங்க. ம், உள்ளுக்க என்னவோ முட்டுது."

"அது தோட்டாக்கா. ரெண்டு ஒண்டோட ஒண்டு முட்டுது."

பிறகு கோட்டைக் கழற்றி வாங்கி வேலையைத் தொடங்கினாள். இரும்புப் பொத்தான்களைக் குறட்டால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். அந்தத் துளைகளுக்கு மேல் தடித்த சீலைத்துண்டு வைத்துத் தைத்து, பொத்தானுக்குப் பதிலாக நூல்கயிற்றில் முடிச்சும் அதை மாட்ட ஒரு கண்ணியும் போட்டாள். ஒட்டுப்பட்டிகளைப் பிரித்து எறிந்தாள். இடுப்புக் கொளுக்கி போன இடத்தில் ஒரு நாடா வந்தது. நெஞ்சுச் சிப்பை மட்டும் எடுக்கவில்லை, எடுத்தால் மழை இறங்கும் என்றாள். அதன் இரும்பு நாக்கை வெட்டிவிட்டுப் பின்னிய கயிறு கட்டினாள், பல்வரிசைக்கு மெழுகுதிரியைத் தேய்த்துவிட்டாள். கடைசியாகப் பழைய கம்பளி ஒன்றை வெட்டிப் பைகளுக்குள் அறை அறையாகத் தைத்தாள். தோட்டாவுக்கு ஒவ்வோர் அறை, போனுக்குத் தனியாக ஒன்று. மெசின் ஓடிக்கொண்டே இருந்தது. அசர் தொழுகைக்கு எழும்பிப் போனாள், வந்தாள், மறுபடி குனிந்தாள்.

வேலை முடிந்ததும் திரும்பவும் தும்புத்தடி, திரும்பவும் சுவர்ப்பக்கம் முகம். சுதாகரன் நடந்தான், குந்தினான், எழும்பினான். கோட் பூனைமாதிரி இருந்தது. ஆனால் துவக்கைத் தூக்கும்போது மெல்லிய ஒரு 'கிணுக்'. றம்லாவின் விரல் உயர்ந்தது.

"இது கோட்டுட சத்தம் இல்லியே?"

சுதாகரன் கழுத்தைத் தடவினான். காய்ச்சலில் கிடந்தபோது ஆர்த்திகா கோயிலில் நேர்ந்து கட்டிவிட்ட செம்பு அச்சரக்கூடு, தாயத்து. அது சேர்ட் பொத்தானில் முட்டிக்கொண்டிருந்தது.

"ஓ... இதக் கழட்டி வச்சிட்டுப் போறன் அக்கா."

"வேணாம், கழட்டாதீங்க," என்றாள் றம்லா உடனே. "பெண்சாதி நேந்து கட்டினத ஏன் கழட்டுற?"

மிஞ்சிய கம்பளியில் விரலளவு ஒரு துண்டை வெட்டி, மடித்து, கையாலேயே தைத்து, சின்ன உறையொன்றை அவன் உள்ளங்கையில் வைத்தாள். "நீங்களே மாட்டிக்கொள்ளுங்க" என்றாள். அவன் மாட்டினான். மறுபடி தும்புத்தடியைத் தூக்கினான். அறையில் ஒரு சத்தமும் இல்லை. ஆதம்பாவா மட்டும், "இப்ப இவர் வாறது ஒருத்தருக்கும் தெரியாது, நாமதான் பயப்பட வேணும்" என்றார்.

அடுத்து வந்த ஒரு பின்னேரம். பொழுது காட்டுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. வயலின் மேல் இன்னும் மஞ்சள் வெளிச்சம் கிடந்தது. சுதாகரன் வாடியைவிட்டு வெளிக்கிட்டு வாய்க்கால் ஓரமாகக் காட்டுப்பக்க மூலைக்கு வந்தான். காற்று காட்டிலிருந்து அவன் முகத்துக்கு வீசியது. நல்ல காற்று, அவனுடைய வாடை பன்றிகளுக்குப் போகாது. இரண்டு பெரிய பன்றிகள் வரப்பைக் கிண்டிக்கொண்டு நின்றன. அவன் குந்தினான், நகர்ந்தான், பற்றையோரம் மெல்ல எழும்பினான். கோட் மூச்சுக்கூட விடவில்லை. அந்தப் போகத்தில் முதல் தடவையாகத் துவக்கு பன்றிக்கு நேரே நின்றது.

திடீரென்று இரண்டு பன்றிகளும் தலையைத் தூக்கி, தெறித்து ஓடின.

'இன்னும் எது சத்தம் போட்டது?' என்று மனதுக்குள் பேசிக்கொண்டே சுதாகரன் குனிந்து கோட்டைப் பார்த்தான். கோட்டில் ஒன்றுமில்லை. நிமிர்ந்தபோது, பன்றிகள் நின்ற இடத்துக்குப் பின்னால், பற்றை என்று அவன் நினைத்திருந்த கறுப்பு அசைந்தது.

கொம்பில்லாத தனியன் யானை. ஒரு முற்றத்தின் தூரம்கூட இல்லை. அது பற்றையை விலக்கிக்கொண்டு வயலுக்குள் காலை வைத்து, ஒரு பிடி நெல்லைத் தும்பிக்கையால் சுருட்டி, காலில் தட்டி மண் உதிர்த்து வாய்க்குள் வைத்தது.

சுதாகரனின் கையிலிருந்த துவக்கு யானைக்கு ஈர்க்குச்சி மாதிரி. போன வருசம் பக்கத்து வட்டையில் ஒருவர் இப்படித்தான், யானைவெடி கொளுத்தப் போய், நெருப்புப்பெட்டி உரசிய சத்தத்துக்கே யானை திரும்பி வந்து அடித்ததில் போய்ச்சேர்ந்தார். ஓடினால் துரத்தும். கத்தினால் வரும். காற்று அவன் பக்கம் இருக்கிறது, யானை இன்னும் அவனை அறியவில்லை. இருக்கிற ஒரே ஒரு பிடிமானம் அதுதான்.

அப்போதுதான் அவனுக்குப் போன் ஞாபகம் வந்தது.

ஆர்த்திகா பொழுதுபட விளக்கு வைத்துவிட்டு அவனைப் போனில் கூப்பிடுவாள். ஒரு நாளும் தவறியதில்லை. போனில் பிள்ளையார் பாட்டு, வயல் முழுக்கக் கேட்கிற சத்தத்தில் கிடந்தது. அவன் வானத்தைப் பார்த்தான். இப்போது அவள் திரியைத் தூண்டிக்கொண்டிருப்பாள்.

கண்ணை யானையில் வைத்தபடியே கையைப் பைக்குக் கொண்டுபோனான். முன்பென்றால் அந்தப் பை ஊரைக் கூட்டியிருக்கும். இப்போது நூல்முடிச்சு கண்ணியைவிட்டு வழுக்கி வெளியே வந்தது. மூடிச்சீலை இலை மாதிரி உயர்ந்தது. கம்பளி அறைக்குள் விரலைவிட்டு, போனை வெளியே எடுக்காமலே, பக்கத்திலுள்ள பட்டனைத் தடவிப் பிடித்து அமத்தினான். அமத்திக்கொண்டே இருந்தான். சத்தம் குறைந்ததா இல்லையா என்று பார்க்க வழியில்லை. பார்த்தால் வெளிச்சம்.

கொஞ்ச நேரத்தில் போன் துடித்தது. பாட்டு வரவில்லை. கம்பளிக்குள்ளிருந்து அவனுடைய வயிற்றில் மட்டும் துடித்தது. ஆர்த்திகா கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். யானையின் காதுகள் வீசுவதை நிறுத்தி விரிந்து நின்றன. நெல்லைப் பிடித்த தும்பிக்கை பாதியில் நின்றது. சுதாகரன் மூச்சை அடக்கினான். பெண்சாதி வயிற்றில் துடிக்க, முன்னால் யானை கேட்டுக்கொண்டு நிற்க, அந்த நேரம் எவ்வளவு நீளமென்று அவனால் பிறகும் சொல்ல முடிந்ததில்லை.

துடிப்பு அடங்கியது. யானை காதை ஆட்டியது. நெல்லை வாயில் வைத்தது.

சுதாகரன் பின்பக்கமாக ஒரு காலை எடுத்து வைத்தான். பிறகு மற்றக் காலை. கைகள் உடம்பில் உரசின, இடுப்பு மடிந்தது, துவக்கு தோளிலிருந்து இறங்கியது. எங்கிருந்தும் ஒரு 'டக்' இல்லை, 'கிளிங்' இல்லை. வாய்க்காலுக்குள் மெல்ல இறங்கி, போன் வயிற்றில் மறுபடி மறுபடி துடிக்க, முழங்கால் தண்ணீரில் கரையோடு கரையாக நடந்து, அடுத்த வயல்காரரின் வாடியை அடைந்தபோதுதான் அவன் திரும்பிப் பார்த்தான். யானை அதே இடத்தில், அவன் வயலின் மூலையைத் தின்றுகொண்டு, தன் பாட்டில் நின்றது. தின்னட்டும் என்று அவனுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றுமென்று அவன் ஒரு நாளும் நினைத்ததில்லை.

வாடி நிலத்தில் உட்கார்ந்து ஆர்த்திகாவைப் போனில் கூப்பிட்டான்.

"ஏன் எடுக்கல்ல? எத்தினதரம் அடிச்ச நான்! எங்க போனீங்க?"

"ஆனை" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அந்தப் பக்கம் அழுகை கேட்டது. கொஞ்சம் கழித்து அவனும் அழுதான்.

நெல்லை ஆதம்பாவாவின் மெசின்தான் வெட்டியது. யானையும் பன்றியும் தின்றதுபோக மிஞ்சியது ஒரு குறையும் சொல்ல முடியாத விளைச்சல். முதலில் குத்திய அரிசியை ஆர்த்திகா வேறாகச் சாக்கில் கட்டி வைத்தாள். கோயிலுக்கு ஒரு பங்கு, ஏறாவூருக்கு ஒரு பங்கு. ஒரு முட்டி எருமைத் தயிரும் வாங்கிக்கொண்டு இருவரும் மோட்டார் சைக்கிளில் போனார்கள். றம்லாவிடம் என்ன சொல்ல வேண்டும் என்று ஆர்த்திகா வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஹெல்மெட்டுக்குள் அவள் முணுமுணுப்பது சுதாகரனுக்குக் கேட்டது.

ஆனால் றம்லா வாசலுக்கு வந்து, "இவதானா ஆர்த்திகா?" என்று கேட்டதும் அந்த வார்த்தைகளெல்லாம் போன இடம் தெரியவில்லை. ஆர்த்திகா போய் அவளுடைய இரண்டு கையையும் பிடித்தாள். ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன விரல்நுனிகளைப் பெருவிரலால் தடவிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, இந்தக் கை இல்லாட்டி நான் இப்ப வெள்ளச் சீலையோட இருப்பன்."

"அல்லாஹ்! அப்பிடிச் சொல்லாதீங்க புள்ள," என்றாள் றம்லா. "எல்லாம் அவன்ட நாட்டம்."

சுதாகரன் நடந்ததை முழுதாகச் சொன்னான். போனின் இடத்துக்கு வந்தபோது றம்லா மெசின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவன் சொல்லி முடிக்கும்வரை விடவில்லை. பிறகு பேசியபோது அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது.

"ஜோர்தான்ல நான் எத்தின வருசம் கோட் தச்சிருப்பன் தெரியுமா? மலை மாதிரிக் கட்டி ஏத்துவாங்க. எந்த நாட்டுக்குப் போகுது, ஆரு உடுக்கிற, ஒண்டும் தெரியாது. அளவாத் தச்சா ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டாங்க, பிழைச்சா மட்டும்தான் கூப்பிடுவாங்க." முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தாள். "நான் தச்சதப் போட்ட ஆள் திரும்பி வந்து, 'இதால நான் உசிரோட இரிக்கன்' எண்டு சொன்னது இண்டைக்குத்தான். நீங்க அரிசி கொண்டு வந்தீங்க. அதவிட இது பெரிசு தம்பி."

ஆதம்பாவா எழும்பி அரிசிச் சாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனார். சாப்பிடாமல் போகவிட முடியாது என்று றம்லா நின்றாள். கொண்டுவந்த அரிசியில் சோறு வெந்தது. ஆர்த்திகா வெங்காயம் உரித்துக் கொடுத்தாள். கத்தரிக்காய், பருப்பு, பொரித்த மீன், கடைசியில் தயிரும் சீனியும். புதுச்சோறு கையில் ஒட்டிக்கொண்டது. சுதாகரன் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். மூன்றாம் தரம் றம்லா கேட்காமலே போட்டாள்.

"நோன்பு வாறதுக்கு முதல் நாங்களும் உங்கட பக்கம் ஒருக்கா வாறம்," என்றாள் வாசல்வரை வந்து. "கடலும் வாவியும் ரெண்டு பக்கமும் கிடக்காம். இவர் சொல்லிச் சொல்லியே வருசம் போகுது."

"கட்டாயம் வரணும் அக்கா. வராட்டிக் கோவம்," என்றாள் ஆர்த்திகா.

திரும்பும்போது ஆர்த்திகா கணவனின் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு, அவன் மூச்சு ஏறி இறங்குவதைக் கேட்டுக்கொண்டு வந்தாள். கல்லடிப் பாலத்தில் வாவிக் காற்று அடித்தபோது தலையை நிமிர்த்தினாள்.

"இஞ்சருங்க, அவங்க வரக்குள்ள என்ன சமைக்கிற? கோழி நாம அறுத்தா அவங்க திங்கமாட்டாங்களே."

"மீன் வாங்குவம். மீனுக்கு ஒண்டும் இல்ல."

"மீன் மட்டும் போதுமா?"

"வாவி இறாலும் வாங்குவம். மறுகா நண்டும்."

"நண்டு அவங்க திங்கிறவங்களா?"

"தெரியாது," என்றான் சுதாகரன். "காக்காவுக்குப் போன் அடிச்சுக் கேப்பம்."